‘மாமா’ என்றால் எந்த மாமா? குரங்கணிக்கும் வேண்டும் ஒரு மரபணு ஆலோசகர்

*பரிசோதனைக்கூடங்கள் பெருகிவிட்டன. முடிவை வீட்டுப் பாஷையில் விளக்கிச் சொல்லும் ஆட்கள் பெருகவில்லை. அதற்கென்றே ஒரு முதுகலைப் படிப்பு இருக்கிறது. அது தமிழுக்கு வந்தாக வேண்டும்.*

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலிருந்து பதினாறு கிலோமீட்டர் மேற்கே போனால் குரங்கணி. பஸ் அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேல் முதுவாக்குடி, சென்ட்ரல், டாப் ஸ்டேஷன் என்று ஜீப்பிலும் கால்நடையாகவும் மலை ஏற வேண்டும். 2018 மார்ச்சில் மலையேற்றத்துக்கு வந்த 23 பேரின் உயிரைக் குடித்த காட்டுத்தீயால்தான் வெளியூர்க்காரர்கள் பலருக்கும் இந்த ஊரின் பெயர் தெரியும். உள்ளூர்க்காரர்களுக்கு இது ஏலத்தோட்டமும் காப்பித்தோட்டமும் கூலி வேலையுமாக நாள் நகர்கிற அடிவாரம்.

இங்கே ஒரு வீட்டில், ஒரு பேச்சுக்கு, இப்படி ஒரு தம்பதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவன் அத்தை மகன், அவள் மாமன் மகள். முதல் குழந்தை இரண்டு வயதில் தவறிவிட்டது. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. இப்போது அவள் மறுபடி உண்டாகியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கூட்டம். டாக்டர் கேஸ் நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்கிறார்: “சொந்தத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டீங்களா?” இவர்கள் தலையாட்டுகிறார்கள். “அதான்.” அடுத்த டோக்கன்.

அந்த ஒற்றைச் சொல்லோடு அவர்கள் போடி பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறார்கள். வீட்டில் மாமியார், “எங்க வம்சத்துல இப்படி ஒரு பிள்ளையும் பொறந்ததில்லையே” என்கிறார். அந்த மருமகள் அவருடைய சொந்த அண்ணன் மகள். ‘எங்க வம்சம்’ என்று அவர் சொல்வதும் ‘உங்க வம்சம்’ என்று விரல் நீட்டுவதும் ஒரே வீடுதான். அதை அவருக்கு எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

ஆஸ்பத்திரிக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் காலியாகக் கிடக்கும் நாற்காலியில் உட்கார வேண்டியவர்தான் மரபணு ஆலோசகர். ஆங்கிலத்தில் ஜெனடிக் கவுன்சலர்.

யார் இந்த மரபணு ஆலோசகர்?

இவர் மருந்து எழுதித் தருபவரோ, ஸ்கேன் எடுப்பவரோ அல்ல. பரம்பரையாக வரக்கூடிய நோய் ஒரு குடும்பத்தில் இருக்கிறதா, இருந்தால் எந்த வழியில் இறங்குகிறது, அடுத்த குழந்தைக்கு வர எவ்வளவு வாய்ப்பு, எந்தப் பரிசோதனை உதவும், எது வீண் செலவு என்பதையெல்லாம் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவது இவர் வேலை. ஒரு அமர்வு முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம்கூட ஆகும். பேசி முடித்ததும் “இதைச் செய்யுங்கள்” என்று உத்தரவு போடுவது அவர் வேலையல்ல. குடும்பம் தன் முடிவைத் தானே எடுக்கத் தேவையான தெளிவைக் கொடுப்பதோடு அவர் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் கசப்பான வரலாறு உண்டு. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ‘நல்ல வம்சத்தை’ வளர்க்கிறோம் என்ற பெயரில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏழைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். நாஜி ஜெர்மனி அதைக் கொலை வரைக்கும் கொண்டுபோனது. அந்தப் பாவத்திலிருந்து விலகி நிற்கத்தான், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த ஷெல்டன் ரீட் 1947இல் ‘மரபணு ஆலோசனை’ என்ற சொல்லை உருவாக்கினார். நாட்டுக்கு எப்படிப்பட்ட குழந்தை வேண்டும் என்று பார்க்கக் கூடாது, எதிரே உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு என்ன தேவையோ அதைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம்.

1969இல் நியூயார்க் மாநிலத்தின் சாரா லாரன்ஸ் கல்லூரி இதற்கென்றே முதல் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. 1971இல் முதல் அணி படித்து முடித்து வெளியே வந்தது. 2018 நிலவரப்படி குறைந்தது 28 நாடுகளில் ஏறத்தாழ 7,000 மரபணு ஆலோசகர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில். இந்தியாவில் கர்நாடகத்தின் மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி போன்ற, விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் இதற்கு எம்.எஸ்சி. நடக்கிறது. பாடம் முழுக்க ஆங்கிலத்தில்.

இரண்டு ஆண்டில் என்ன கற்கிறார்கள்?

படிப்பின் ஒரு பாதி அறிவியல்: மரபணு எப்படி வேலை செய்கிறது, குரோமோசோம் கூடினால் குறைந்தால் என்ன ஆகும், ரத்தப் பரிசோதனை அறிக்கையை எப்படி வாசிப்பது. உயிரியல், விலங்கியல், உயிர்வேதியியல், நர்சிங் எதைப் படித்தவரும் முயன்றால் இதைக் கற்றுக்கொள்ளலாம்.

மறுபாதிதான் கடினம். துக்கத்தில் இருப்பவரிடம் எப்படிப் பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது, மாமியாரை வெளியே உட்காரவைத்துவிட்டு மருமகளிடம் தனியாக எப்படிக் கேட்பது, தன் சொந்த நம்பிக்கையை அடுத்தவர் தலையில் ஏற்றாமல் இருப்பது எப்படி. வகுப்பில் ஒருவர் ஆலோசகராகவும் இன்னொருவர் நோயாளியாகவும் நடித்துப் பழகுவார்கள். பிறகு மருத்துவமனையில் மூத்தவர் பார்த்துக்கொண்டிருக்க, உண்மையான குடும்பங்களோடு பேச வேண்டும். அமெரிக்காவில் குறைந்தது 50 குடும்பங்களுடனாவது நேரடியாகப் பங்கெடுத்தால்தான் பட்டம். அதன் பின்னும் தேர்வெழுதிச் சான்று பெற வேண்டும்.

முதல் பாதியை எந்த மொழியில் படித்தாலும் ஒப்பேற்றிவிடலாம். இரண்டாவது பாதி நோயாளியின் மொழியில் நடந்தால்தான் உண்டு. தமிழ்நாடு யோசிக்க வேண்டியது இங்கேதான்.

‘மாமா’ என்று சொன்னால்?

ஆலோசகர் முதலில் கையில் எடுப்பது ஒரு வெள்ளைத்தாள். அதில் குடும்ப வரைபடம் போடுவார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் இருப்பவருக்கு உள்ளே கறுப்பு. கணவன் மனைவியை ஒரு கோடு இணைக்கும். இருவரும் ரத்த உறவு என்றால் இரட்டைக் கோடு. மூன்று தலைமுறையை வரைந்துவிட்டால் நோய் போன பாதை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் இது எளிது. குரங்கணிக்காரரிடம் வரைந்து பாருங்கள். “மாமாவுக்கும் இதே மாதிரி ரத்தம் நிக்காம போச்சு” என்பார். எந்த மாமா? அம்மாவின் தம்பியா, அத்தை புருஷனா, மாமனாரா, அக்கா வீட்டுக்காரரா? மனைவி கணவனையே ‘மாமா’ என்று கூப்பிடும் ஊர் இது. ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோய் தாய்வழியில் இறங்குவது. அம்மாவின் தம்பிக்கு இருந்தால் அது மிகப் பெரிய தடயம். அத்தை புருஷனுக்கு இருந்தால், அவர் வேறு வழியில் ரத்த உறவாக இல்லாத வரை, அதற்கும் இந்தக் குழந்தைக்கும் சம்பந்தமே இல்லை.

‘அண்ணன்’ என்பதும் அப்படித்தான். கூடப்பிறந்தவனும் அண்ணன், பெரியப்பா மகனும் அண்ணன், பெரியம்மா மகனும் அண்ணன். “கூடப்பொறந்த அண்ணனா?” என்று கேட்டால்கூட, “அப்படித்தான், ஒரே வீட்ல வளந்தோம்” என்று பதில் வரும். “உங்க அம்மா வயித்துல பொறந்தவரா?” என்று கேட்கத் தெரிய வேண்டும். ‘சித்தி’ அம்மாவின் தங்கையாகவும் இருக்கலாம், சித்தப்பாவின் மனைவியாகவும் இருக்கலாம். ‘அத்தை’ பல வீடுகளில் அப்பாவின் தங்கையும் மாமியாருமாக ஒரே ஆள்.

நம் உறவுச் சொற்கள் யாரை மணக்கலாம், யாரை மணக்கக் கூடாது என்று முறை பார்ப்பதற்காக அமைந்தவை. ரத்தம் எந்த வழியில் ஓடுகிறது என்பதைப் பிரித்துக்காட்டும் வேலைக்கு அவை போதாது. மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்து இதைக் கடக்க முடியாது. அவர் ‘மாமா’வை ‘அங்கிள்’ ஆக்கிவிடுவார், தடயம் அங்கேயே தொலைந்துவிடும்.

தாய்மாமன் கல்யாணம் வந்தால் கணக்கு இன்னும் சிக்கல். ஹீமோபிலியா உள்ள தாய்மாமனுக்கு அக்காள் மகளைக் கட்டிக்கொடுத்தால், அந்தப் பெண்ணும் அதே மரபணுவைச் சுமக்க வாய்ப்பு உண்டு. அப்படி இருந்தால், வழக்கமாக ஆண்களையே தாக்கும் அந்த நோய் அவர்களுக்குப் பிறக்கும் பெண் குழந்தைக்கும் முழுமையாக வரலாம். தாய்மாமன் கல்யாணம் இல்லாத நாட்டில் எழுதிய பாடப்புத்தகம் இதை ஒரு வரியில் கடந்துவிடும். இங்கே அதற்கு ஒரு வகுப்பே எடுக்க வேண்டும்.

‘நாலில் ஒண்ணு’ என்ற கண்ணி

அடுத்த சிக்கல் எண்ணிக்கை. பல பரம்பரை நோய்களில் அப்பாவும் அம்மாவும் நலமாக இருப்பார்கள். ஆனால் இருவரிடமும் பழுதான மரபணுவின் ஒரு பிரதி ஒளிந்திருக்கும். இப்படி நோயில்லாமல் சுமப்பவரை ‘கேரியர்’ என்கிறது மருத்துவம். ஏலக்காட்டு வேலைக்கு விடியற்காலையில் ஜீப் ஏறும் அம்மாவுக்குக் கேரியர் என்றால் சோறு கொண்டுபோகும் டிபன் கேரியர்தான். நல்ல ஆலோசகர் அதையே பிடித்துக்கொள்வார். சோத்தைச் சுமக்கிற கேரியர் அதைச் சாப்பிடுவதில்லை அல்லவா? அதுபோலத்தான், சுமப்பவருக்கு நோய் வராது. ரெண்டு கேரியரும் சேர்ந்தால் பிள்ளைக்கு இரண்டு பக்கமிருந்தும் வந்துவிடலாம்.

வரும் வாய்ப்பு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒன்று. இதைச் சொன்னதும் பெரும்பாலானோர் புரிந்துகொள்வது என்ன? “முதப் புள்ளைக்கு வந்துருச்சு, இனி மூணு புள்ளைக்கு வராது.” தவறு. இரண்டு காசைச் சேர்த்துச் சுண்டிவிடுகிறோம். இரண்டிலும் பூ விழுந்தால் நோய். போன தடவை என்ன விழுந்தது என்று காசுக்கு ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

இன்னொன்றும் உண்டு. அந்தத் தம்பதியின் நோயில்லாத தம்பியோ தங்கையோ கல்யாணத்துக்கு நின்றால், குழந்தைக்கு வந்தது எந்த மரபணுவால் என்று தெரிந்திருக்கும் நிலையில், அவர்களையும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லலாம். தசைகளைச் செயலிழக்கவைக்கும் எஸ்.எம்.ஏ. நோய்க்கு ஒரே ஊசி 16 கோடி ரூபாய் என்ற செய்தியை ஊரே படித்தது, ஊரே நிதியும் திரட்டியது. அந்தக் குடும்பங்களின் சித்தப்பாவையும் அத்தையையும் கூப்பிட்டு, “உங்களுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை பார்த்துக்கலாமா?” என்று கேட்பது யார் பொறுப்பு? அதற்கு விலை கோடியில் இல்லை, ஆயிரங்களில்தான்.

தொற்றுக்கும் பரம்பரைக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே எளிதாகச் சொல்லலாம். ஏலச்செடியில் கட்டே நோய் வந்தால் அசுவினிப் பூச்சி அதைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோகும், செடியைப் பிடுங்கி அழிக்க வேண்டும். ஆனால் ஞள்ளானி ரகத்தின் காய் பெரிதாக இருப்பது பக்கத்தில் நிற்கும் செடிக்கு ஒட்டாது. அது தாய்த்தட்டையோடு வந்த குணம். “எம் புள்ளைகூட விளையாடினா உங்க புள்ளைக்கு ஒட்டிக்காது” என்று ஒரு தாய் பக்கத்து வீட்டில் சொல்ல இந்த ஒரு விளக்கம் போதும்.

சொந்தத்தில் கட்டினால் தப்பா?

தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) கணக்குப்படி தமிழ்நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் ரத்த உறவில் மணம் முடித்தவர்கள். நாட்டிலேயே இதுதான் அதிகம். நாடு முழுமைக்கும் சராசரி 11 விழுக்காடு.

இதைப் பற்றிய பேச்சு எப்போதும் இரண்டு முனையில்தான் நிற்கிறது. ஒரு பக்கம், “சொந்தத்துல கட்டினா பிள்ளை ஊனமாத்தான் பொறக்கும்” என்ற பயமுறுத்தல். இன்னொரு பக்கம், “எங்க தாத்தா காலத்துலேர்ந்து கட்டுறோம், என்ன கெட்டுப்போச்சு?” என்ற மறுப்பு. இரண்டுமே பாதி உண்மைதான்.

எந்தத் தம்பதிக்கும் பிறக்கும் நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று குழந்தைகளுக்குப் பிறவிக் கோளாறு இருக்கலாம். அத்தை மகன்–மாமன் மகள் திருமணத்தில் அது ஏறத்தாழ இரு மடங்காகிறது. அதாவது இன்னும் இரண்டு மூன்று குழந்தைகள். அப்போதும் நூற்றுக்குத் தொண்ணூற்றுநான்கு, தொண்ணூற்றைந்து குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. இந்த இருவருக்கும் மரபணுவில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொது. தாய்மாமன்–அக்காள் மகள் என்றால் நாலில் ஒரு பங்கு, ஆகவே ஆபத்தும் கூடுதல். ஏற்கனவே குடும்பத்தில் நோய் இருந்தால் இந்தச் சராசரிக் கணக்கெல்லாம் மாறிவிடும். எந்த வீட்டுக்கு எந்தக் கணக்கு என்று பிரித்துச் சொல்லத்தான் ஆலோசகர்.

பலர் கவனிக்காத இன்னொரு பக்கமும் இருக்கிறது. “நாங்க சொந்தத்துல கட்டல, அசல்லதான் கட்டினோம்” என்பார்கள். ஆனால் அந்த அசலும் அதே சாதிக்குள்தான். பல தலைமுறைகளாக ஒரு வட்டத்துக்குள்ளேயே மணந்துவரும் குழுக்களில், தொடக்கத்தில் ஒருசிலரிடம் இருந்த மரபணு மாற்றம் இன்று பலரிடம் பரவியிருக்கும். 2017இல் ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, தெற்காசியாவில் இப்படிப்பட்ட குழுக்கள் ஏராளம் என்று காட்டியது. வைசியர் சமூகத்தில் சிலருக்கு, அறுவை சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒருவகை மருந்து சீக்கிரம் உடலை விட்டு நீங்காது. மயக்க மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்த இதையே அந்த ஆய்வு உதாரணமாகச் சொன்னது. இது எந்தச் சாதிக்கும் இழுக்கல்ல. ஆனால் விவரமில்லாதவர் வாயில் விழுந்தால் இழுக்காகிவிடும்.

ரத்தம் கொடுத்த ஊருக்கு என்ன திரும்பி வந்தது?

மரபணு ஆராய்ச்சி இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. போடியிலிருந்து மதுரை போகும் வழியில் உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிறது ஜோதிமாணிக்கம். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும் ஸ்பென்சர் வெல்ஸும் செய்த ஆய்வில், ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய ஆதி மனிதர்களின் தடமான ‘எம்130’ மரபணு அடையாளம் அவ்வூர்க்காரர் ஒருவரிடம் கண்டறியப்பட்டது உலகச் செய்தியானது. ஊருக்குப் பெருமை.

2009இல் அதே பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்கெடுத்த இன்னொரு ஆய்வு, இந்தியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இதயத் தசையைப் பாதிக்கக்கூடிய ஒரு மரபணுக் குறைபாடு இருப்பதாகச் சொன்னது. பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகுதான் தொந்தரவு காட்டும், பலருக்குக் காட்டாமலும் போகும். இதை இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டுமா? பெருமையான செய்தியை ஊருக்குக் கொண்டுபோகப் பத்திரிகையாளர் போதும். இப்படிப்பட்ட செய்தியைக் கொண்டுபோகப் பயிற்சி பெற்றவர் வேண்டும்.

பரிசோதனை மட்டும் போதாதா?

போதாது என்பதற்கு நல்ல சாட்சி கிரீஸ் நாட்டில் இருக்கிறது. ஆர்கோமெனாஸ் என்ற ஊரில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் அரிவாள் செல் ரத்தசோகையின் கேரியர். ரத்தச் சிவப்பணு அரிவாள்போல வளைந்து, கடும் வலியையும் சோகையையும் கொடுக்கும் பரம்பரை நோய் அது. ஆய்வாளர்கள் ஊரையே பரிசோதித்து முடிவைச் சொன்னார்கள், கேரியரும் கேரியரும் மணக்காமல் இருப்பது நல்லது என்றும் விளக்கினார்கள். சில ஆண்டுகள் கழித்து 1970களில் திரும்பிப் பார்த்தபோது, கேரியர்களுக்கு ஊரில் களங்கம் ஒட்டியிருந்தது. சிலர் முடிவை மறைத்தே மணம் முடித்தார்கள். கேரியர் தம்பதிகள் எண்ணிக்கை பெரிதாகக் குறையவும் இல்லை.

சைப்ரஸில் வேறு கதை. அங்கே தலசீமியா பெரும் சுமை. அரசும் மருத்துவர்களும் பெற்றோர் சங்கமும் தேவாலயமும் சேர்ந்து வேலை செய்தார்கள். கல்யாணத்துக்கு முன் தேவாலயம் ஒரு சான்று கேட்டது. அந்தச் சான்றில் முடிவு இருக்காது. பரிசோதித்துக்கொண்டார், ஆலோசனை பெற்றார் என்பது மட்டும் இருக்கும். முடிவு அந்த இருவருக்குள். தலசீமியாவோடு பிறக்கும் குழந்தைகள் அங்கே ஏறத்தாழ இல்லாமலே ஆனார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துக் கதையில்லை. இந்தியாவில் அரிவாள் செல் மரபணுவை 1952இல் லேமனும் கட்புஷும் கண்டறிந்து எழுதியது நீலகிரிப் பழங்குடிகளிடம். 2023 ஜூலை 1 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம், தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்களில் 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. பழங்குடிப் பகுதிகளில் பரிசோதனை முடிவோடு அட்டையும் கொடுக்கிறார்கள்.

மேற்குத்தொடர்ச்சி மலையின் முதுவர், பளியர் குடிகளில் ஒருவருக்கு நாளை அப்படி ஓர் அட்டை கிடைத்தால் என்ன ஆகும்? பெண் பார்க்க வந்தவர் அட்டையைக் கேட்டால் காட்ட வேண்டுமா? ‘கேரியர்’ என்று போட்டிருப்பதால் ஒரு பெண்ணுக்கு வரன் தட்டிப்போனால் யார் பொறுப்பு? ரத்தம் எடுப்பது இரண்டு நிமிட வேலை. அட்டையைக் கொடுத்த பிறகுதான் ஆலோசகரின் வேலை ஆரம்பிக்கிறது.

சட்டத்தில் இடம் உண்டு, ஆள்?

கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ‘மரபணு ஆலோசனை மையம்’ என்ற சொல் இருக்கிறது. ஸ்கேன் மையம்போலவே அதற்கும் பதிவு வேண்டும். அங்கே யார் உட்காரலாம்? மருத்துவ மரபியலாளர், அல்லது ஆலோசனையில் ஆறு மாத அனுபவமோ நான்கு வாரப் பயிற்சியோ பெற்ற மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர் என்கின்றன 1996ஆம் ஆண்டு விதிகள். உலகம் இரண்டு ஆண்டு படிக்கவைக்கும் வேலைக்கு இங்கே நான்கு வாரம். முப்பது ஆண்டுக்கு முன் அது நியாயமாகவே இருந்திருக்கலாம். இன்று ஒரு சொட்டு ரத்தத்தில் ஆயிரக்கணக்கான மரபணுக்களைப் பார்க்கிறார்கள்.

“அதான் டாக்டர் இருக்காரே, அவரே சொல்லட்டுமே” என்று கேட்பவர்கள் அரசு ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் வரிசையில் ஒரு காலைப்பொழுது நின்று பார்க்கலாம். ஒரு குடும்பத்துக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் வெளியே நிற்பவர்கள் என்ன ஆவார்கள்? டாக்டர் “அதான்” என்று முடித்துக்கொள்வதற்குக் கல்நெஞ்சு காரணமில்லை, கடிகாரம்தான் காரணம்.

“இதைப் படிச்சா வேலை எங்கே?” என்ற கேள்வியும் நியாயமானது. இப்போதைக்குப் பெருநகரத்துப் பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் மரபணுப் பரிசோதனை நிறுவனங்களிலும்தான். பரிசோதனையை விற்கும் நிறுவனமே சம்பளம் கொடுக்கும் ஆலோசகர், “இந்தப் பரிசோதனை உங்களுக்குத் தேவையில்லை” என்று எத்தனை தடவை சொல்ல முடியும்? அரசு மருத்துவமனையில் பதவி உருவாக்க வேண்டியதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

“ஏழை பாழைக்கு இதெல்லாம் எதுக்கு?” என்பது எழுதப்படாத மூன்றாவது ஆட்சேபம். உண்மையில் தெளிவில்லாமையின் செலவை அதிகம் சுமப்பவர்கள் அவர்கள்தான். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவ மரபியல் துறை இருக்கிறது, ஹீமோபிலியாவுக்கு மரபணு சிகிச்சையே அங்கே நடந்து 2024இல் உலக மருத்துவ இதழில் வெளியாகியிருக்கிறது. ஆனால் போடிக்காரருக்கு வேலூர் ஓர் இரவுப் பயணம். இரண்டு பேர் போய்வந்தால் ஒரு வாரக் கூலி போச்சு. “எதற்காகப் போகிறோம், போனால் என்ன தெரியும்?” என்று கிளம்பும் முன்பே சொல்ல ஆள் இருந்தால் பாதிப் பயணங்கள் மிச்சம், மீதிப் பயணங்கள் உருப்படியாகும்.

என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டுக்கு இதில் முன் அனுபவம் உண்டு. எச்.ஐ.வி. பயம் உச்சத்தில் இருந்த காலத்தில் அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ வந்தது. ரத்தம் எடுக்கும் முன் ஒருமுறை பேச்சு, முடிவு வந்தபின் ஒருமுறை பேச்சு, இரண்டும் ரகசியம். டாக்டர் அல்லாத ஆலோசகர்கள்தான் அந்த வேலையைச் செய்தார்கள். களங்கம் ஒட்டும் நோயை எப்படிப் பேசுவது என்று தமிழில் ஒரு வழக்கு உருவானது. மரபணுவுக்கும் அதே வழியில் போகலாம்.

முதலாவது, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் அரசு மருத்துவக் கல்லூரிகளில் இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்பு தொடங்கலாம். அறிவியல் பாடம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஆனால் ஆலோசனைப் பயிற்சியும் அதற்கான தேர்வும் தமிழில் நடக்க வேண்டும். உறவுமுறைச் சொற்கள், தாய்மாமன் திருமணம், பழங்குடிகளின் குல வழக்கம் எல்லாம் பாடத்திட்டத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, படித்து முடிப்பவருக்கு மாவட்ட மருத்துவக் கல்லூரியில் பதவி. தேனிக்கு க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை குறைபாடுகளைக் கண்டறியும் ஒன்றிய அரசுத் திட்டம் 2013இலிருந்து நடக்கிறது. அதில் கண்டறியப்படும் குழந்தைகளின் பெற்றோர்தான் ஆலோசகரின் முதல் வாடிக்கையாளர்கள். வாரம் ஒரு நாள் போடியில் உட்கார்ந்தால் குரங்கணிக்காரர் ஒரு பஸ்ஸில் வந்துபோகலாம்.

மூன்றாவது, கிராம சுகாதார செவிலியருக்கு முதற்கட்டப் பயிற்சி. அவர் வரைபடம் போட வேண்டியதில்லை. “இந்த வீட்ல ரெண்டு புள்ளை ஒரே மாதிரி தவறியிருக்கு, இவங்களை ஆலோசகர்கிட்ட அனுப்பணும்” என்று அடையாளம் காணத் தெரிந்தால் போதும்.

நான்காவது, சட்டப் பாதுகாப்பு. மரபணுத் தகவலை வைத்து வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று அமெரிக்கா 2008இல் தனிச்சட்டம் போட்டது. பரிசோதனையைப் பரவலாக்கும் அரசு, முடிவு வெளியே கசிந்தால் யார் பொறுப்பு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இவற்றில் ஒரு எச்சரிக்கையும் தேவை. நம் ஊரில் எதிரே இருப்பவர், “நீங்களே சொல்லுங்க, நீங்க சொன்னா செய்றோம்” என்பார். அந்த மரியாதையைப் பயன்படுத்திக்கொண்டு “கலைச்சுருங்க” என்றோ “பெத்துக்கோங்க” என்றோ சொல்லிவிடுவது ஆலோசகருக்கு எளிது. அப்படிச் சொல்லாமல், அதே நேரம் அவர்களைக் கைவிட்டதுபோலவும் விடாமல், கூடவே உட்கார்ந்து அவர்கள் வாயிலிருந்தே முடிவு வரும்வரை பொறுத்திருப்பதுதான் இந்தப் படிப்பின் மிகக் கடினமான பாடம். நான்கு வாரத்தில் அது வராது.

முதலில் பார்த்த தம்பதிக்கே திரும்புவோம். அவர்களுக்கு அன்று ஒரு மணி நேரம் கிடைத்திருந்தால்? தவறிய குழந்தைக்கு என்ன நோயாக இருந்திருக்கலாம் என்று விசாரித்திருப்பார்கள். பரிசோதனை பார்க்கலாமா வேண்டாமா, பார்த்தால் எந்த மாதத்துக்குள் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்கும். காரணம் பிடிபடாமலே போயிருக்கவும் வாய்ப்புண்டு. அப்போதும், இரட்டைக் கோடு போட்ட அந்தத் தாளை மாமியார் பார்த்திருப்பார். “ரெண்டு பக்கமும் ஒரே வீடுதானம்மா, இதுல யாரு குத்தமும் இல்ல” என்று அவர் ஊர்ப் பேச்சிலேயே ஒருவர் சொல்லியிருப்பார். அந்த ஒருவரை உருவாக்க இரண்டு ஆண்டு ஆகும். இன்னும் நாம் தொடங்கவே இல்லை என்றால், அடுத்த பஸ்ஸில் வருபவர்களுக்கும் “அதான்” என்ற ஒற்றைச் சொல்தான் மிஞ்சும்.